டிரிப் ஸ்டாண்டோடு ஒரு நடை: வாசகர் கேள்வி பதில்

ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் செல்) மாற்றுச் சிகிச்சைக்காகத் தனியறையில் வாரக்கணக்கில் தங்கும் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி தேவையா, எவ்வளவு, எப்போது கூடாது என்று பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டிருந்தார்கள். குழந்தைகள் பிரிவின் பிசியோதெரபிஸ்டுகளும் செவிலியர்களும் பதில் எழுதியிருக்கிறார்கள். பதில்களில் எண்கள் நிறைய வரும். உங்கள் வார்டில் வேறு எண் சொன்னால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் முழு நிலவரம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: என் 9 வயது மகளுக்கு அடுத்த வாரம் அட்மிஷன். தினமும் பிசியோ வருவார் என்கிறார்கள். இவ்வளவு கடுமையான கீமோ ஏறும்போது பிள்ளையை நிம்மதியாகப் படுக்கவிட்டால் என்ன?

இரவில் தாராளமாகப் படுக்கட்டும். பகலில் கட்டிலைவிட நாற்காலியில் அதிக நேரம் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை முதல் நாளிலேயே பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தங்கப்போவது நாலைந்து நாள் அல்ல. செல் ஏற்றும் நாளை 'ஜீரோ நாள்' என்பார்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள் கீமோ. அதன்பின் புதுச் செல்கள் பிடித்து வெள்ளையணு ஏறப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் ஆகும். தொப்புள்கொடி ரத்தத்தில் எடுத்த செல் என்றால் இன்னும் தாமதமாகலாம். அத்தனை நாளும் அதே அறை, அதே கட்டில்.

படுத்தே கிடந்தால் முதலில் இளைப்பது தொடையும் கெண்டைக்காலும்தான். நிற்கும்போது உடம்பைத் தாங்குகிற தசைகள் அவை; தாங்க வேலை இல்லையென்றால் சீக்கிரம் சுருங்கிவிடும். நுரையீரலின் அடிப்பகுதி முழுதாக விரியாது, சளி தேங்கும். வெள்ளையணுவே இல்லாத உடம்பில் தேங்கிய சளி நிமோனியாவுக்கு வழி விடும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: நிமிர்ந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சரிக்கட்டும் பழக்கம் உடம்புக்கு விட்டுப்போகிறது. ஒரு வாரம் கழித்து எழுந்தால் தலை சுற்றும், பயந்து மறுபடி படுப்பாள், அடுத்த முறை இன்னும் அதிகமாகச் சுற்றும். இதற்கு மேல் ஸ்டெராய்டும் சேர்ந்தால் தொடைத் தசை இன்னும் வேகமாகக் கரையும்.

கீமோவால் வரும் களைப்பும் படுத்துப் படுத்து வரும் களைப்பும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். இரண்டாவது வகை, ஓய்வு எடுக்க எடுக்கக் கூடுமே தவிரக் குறையாது.

அட்மிஷன் ஆன முதல் இரண்டு மூன்று நாட்களை வீணாக்காதீர்கள். பிள்ளை தெம்பாக இருப்பது அப்போதுதான். 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறாள், 6 நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறாள், கைப்பிடியின் பலம் எவ்வளவு, கணுக்கால் மேல்நோக்கி எவ்வளவு மடங்குகிறது என்று பிசியோ அளந்து எழுதுவார். அந்தத் தாளில் ஒரு நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வாரத்தில் எவ்வளவு இழந்திருக்கிறாள், எவ்வளவு மீட்க வேண்டும் என்பதற்கு அது ஒன்றே கணக்கு.

பயிற்சி என்றால் ஓடுவது, குதிப்பது அல்ல. 10 நிமிடம் வீதம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். பிசியோ வரும் அரை மணி நேரம் மட்டும்தான் பயிற்சி என்று நினைத்துவிட்டால் மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் கைவிட்டுப் போகும். நின்றுகொண்டு பல் துலக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவது, பெட்பேன் கேட்காமல் கழிப்பறைக்கு நடப்பது எல்லாமே கணக்கில் சேரும். கீமோவோடு நிறைய திரவம் ஏற்றுவதால் அடிக்கடி சிறுநீர் வரும். அந்தத் தொல்லையையே நடையாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆபத்து இல்லையா என்றால், தனியறைக்குள் மேற்பார்வையோடு பிள்ளைகளைப் பயிற்சி செய்யவைத்த ஆய்வுகளில் பெரிய தீங்கு எதுவும் தென்படவில்லை. குழந்தைப் புற்றுநோய்க்கென 2021-இல் வெளியான சர்வதேச உடற்பயிற்சி வழிகாட்டுதலும், சிகிச்சை நடக்கும்போதே இயங்குவது நல்லது என்றுதான் சொல்கிறது.

கேள்வி: தினமும் காலையில் செவிலியர் கவுன்ட் (ரத்த அணுக்களின் அளவு) சொல்லிவிட்டுப் போகிறார். எந்த எண்ணுக்கு எந்தப் பயிற்சி என்று கணக்கு ஏதாவது உண்டா?

உண்டு. மூன்று எண்ணும் ஒரு தெர்மாமீட்டரும் போதும்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைச் சில ஆய்வகங்கள் 20,000 என்று அச்சிடும். சில வெறும் 20 என்று போட்டு ஓரத்தில் அலகைக் குறிப்பிடும். இரண்டும் ஒன்றுதான். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துத் தேவையில்லாமல் பயப்படுகிறவர்களும் உண்டு, தேவையான நேரத்தில் பயப்படாமல் விடுகிறவர்களும் உண்டு.

எவ்வளவு பலம் போடலாம் என்பதைத் தீர்மானிப்பது பிளேட்லெட். 50,000-க்கு மேல் இருந்தால் எலாஸ்டிக் பேண்டு, சிறு எடை, படி ஏறி இறங்குதல், சற்றே இறுக்கம் வைத்த பெடல் (உட்கார்ந்தபடி மிதிக்கும் சிறு கருவி) எல்லாம் செய்யலாம். 20,000 முதல் 50,000 வரை நடை, இறுக்கமில்லாத பெடல், தன் உடல் எடையை வைத்தே உட்கார்ந்து எழுவது, இருப்பதிலேயே மெல்லிய பேண்டு, குதிப்பது கிடையாது. 10,000 முதல் 20,000 வரை பேண்டும் எடையும் வேண்டாம். அறைக்குள் மெதுவான நடை, உட்கார்ந்தபடி கை கால் அசைவு, தன் வேலையைத் தானே செய்துகொள்வது, அவ்வளவுதான். 10,000-க்குக் கீழே போனால் வழக்கமாகப் பிளேட்லெட் ஏற்றுவார்கள். ஏற்றும் வரை நாற்காலி, கழிப்பறை, கணுக்கால் அசைவு. அதுவும் ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்கும்போது மட்டும்.

காரணம் தெரிந்தால் இந்த எல்லைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூச்சை அடக்கி முக்கும்போது தலையிலும் கண்ணிலும் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் ஏறும். பளுவை இழுக்கும்போது தசைக்குள் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும். சாதாரணமாக அவை தெரியாமலே ஆறிவிடும்; பிளேட்லெட் இல்லாதபோது உள்ளே ரத்தம் கட்டும். இவை இரண்டையும்விடப் பெரிய ஆபத்து, விழுந்து தலையில் அடிபடுவது. ஆகவே பிளேட்லெட் குறைந்த நாளில் பயிற்சியைவிட ஈரத் தரையும் வெறும் சாக்ஸும்தான் பயப்பட வேண்டியவை. அடியில் ரப்பர் பிடிப்புள்ள செருப்போ சாக்ஸோ கட்டாயம்.

ஹீமோகுளோபின் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பதைச் சொல்லும். 8-க்குக் கீழே இருந்தால் நேரத்தைப் பாதியாக்கி, இடையில் உட்காரவையுங்கள். படபடப்பு, மூச்சு வாங்கல், காதில் இரைச்சல் இருந்தால் நடையும் வேண்டாம். ரத்தம் ஏற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளையணு விஷயத்தில்தான் பெரிய குழப்பம். நியூட்ரோஃபில் (கிருமிகளோடு போராடும் வெள்ளையணு வகை) பூஜ்யம் என்றதும் பிள்ளையை அசையவே விடாத வீட்டார் உண்டு. அந்த எண் பயிற்சியைத் தடை செய்வதில்லை. எங்கே, எதைத் தொட்டு என்பதை மட்டுமே மாற்றுகிறது. தன் அறையில், துடைத்த பொருளோடு, கை கழுவிய ஆளோடு செய்யலாம்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் முதலில் செவிலியருக்குத் தகவல், பிறகு ரத்தப் பரிசோதனை, ஆன்டிபயாட்டிக். நடுக்கம் நின்று ரத்த அழுத்தம் சீராகும் வரை பயிற்சி இல்லை. காய்ச்சலிலேயே இதயம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் வேலை ஏற்றக் கூடாது. காய்ச்சல் நாள்கணக்கில் நீடித்து, பிள்ளை நிலையாக இருந்தால், மருத்துவரைக் கேட்டு நாற்காலியில் உட்காரவைக்கலாம்.

எண்கள் நன்றாக இருந்தாலும் உடனே நிறுத்தி மணியை அழுத்த வேண்டிய நேரங்கள் சில: நெஞ்சு வலி, புதிதாக வந்த கடும் தலைவலி, கண் மங்கல், நிற்காத மூக்கு ரத்தம், சிறுநீரில் ரத்தம், குழறல், ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இறங்குவது. தலைவலியும் கண் மங்கலும் ஏன் முக்கியம் என்றால், சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். சிலருக்கு அது மூளையைப் பாதித்து வலிப்பு வரை போகும். அதேபோல வயிறு உப்பி, வலது விலாவுக்குக் கீழே வலித்து, ஒன்றிரண்டு நாளில் எடை திடீரென ஏறினால் கல்லீரல் நாளங்கள் அடைபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்று பயிற்சியைப் பற்றிப் பேச்சே வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது. நெஞ்சில் லைன் (மருந்து ஏற்றும் குழாய்) போட்டிருக்கிறார்கள். டம்பெல், புஷ்-அப் செய்யலாமா? உள்ளேயே இருந்து பைத்தியம் பிடிக்கிறது.

தம்பி, புஷ்-அப் இப்போது வேண்டாம். தரையில் ஊன்றும்போது மூச்சை அடக்காமல் இருப்பது கடினம். கூடவே நெஞ்சுத் தசை முழுதாக இழுபட்டு லைன் வெளிவரும் இடம் நோகும். லைனைச் சுற்றித் தோலுக்கடியில் ஒரு சிறு பட்டை இருக்கிறது. அதைச் சதை பிடித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும், அதுவரை வேகமாக இழுத்தால் லைனே நழுவி வரலாம். பிளேட்லெட் 50,000-க்கு மேல் இருக்கும் நாளில் சுவரில் கை ஊன்றிச் செய். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, முழங்கையை மடக்கும்போது மூச்சை இழுத்து, நீட்டும்போது ஊதிவிடு. பிளாங்க் போல உடம்பை இறுக்கி அசையாமல் வைத்திருக்கும் எதுவும் அதே மூச்சடக்கல் காரணத்தால் தள்ளுபடி.

நல்ல நாளுக்கு ஒரு திட்டம். முதலில் 3 நிமிடம் நின்ற இடத்திலேயே நடை. பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 8 முறை எழுந்து உட்கார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு 10 முறை குதிகால் தூக்கு. பேண்டை ஒரு உறுதியான கைப்பிடியில் மாட்டி, படகு துடுப்பு வலிப்பது போல விலாப்பக்கம் 10 முறை இழு. தலைக்கு மேலே வீசி இழுப்பது வேண்டாம். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு இதே வரிசையை இன்னொரு சுற்று. அதன்பின் 8 முதல் 10 நிமிடம் பெடல். டம்பெல் என்றால் அரை கிலோ, ஒரு கிலோ. முழங்கை மடக்குவதற்கு மட்டும். லைன் நெஞ்சில் இல்லாமல் கையில் இருக்கும் நண்பர்களுக்கு அந்தக் கையில் எடையே வேண்டாம்.

எவ்வளவு கடினம் என்பதை நாடித் துடிப்பை வைத்து அளக்காதே. ரத்தம் குறைவாலும் காய்ச்சலாலும் அது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே எகிறியிருக்கும். சும்மா இருப்பது 0, இனி ஓர் அடிகூட முடியாது என்பது 10 என்று வை. நல்ல நாளில் 4-5, மோசமான நாளில் 2-3. பேச முடிய வேண்டும்; பாட முடியாமல் போனால் பரவாயில்லை.

இரண்டு நாள் தொடர்ந்து சுலபமாக இருந்தால் மட்டும் கூட்டு. முதலில் எண்ணிக்கை, பிறகு சுற்று, கடைசியாகத்தான் பேண்டின் இறுக்கம். இன்று செய்த களைப்பு நாளைக் காலையிலும் இருந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம், பாதியாகக் குறை. கவுன்ட் இறங்கும் வாரத்தில் எண்ணிக்கை தானாகக் குறையும். உன்னால் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. பெட்ரோல் இல்லாத வண்டியை யாரும் திட்டுவதில்லை.

நேரத்தை நீயே முடிவு செய்து சொல். 'காலை 11, மாலை 5' என்று நீ சுவரில் எழுதி ஒட்டினால் பிசியோவும் செவிலியரும் மருந்து நேரத்தை அதற்கேற்பத் தள்ளிப்போட முயல்வார்கள். நீ சொல்லாவிட்டால் அவர்கள் வசதிப்படி, நீ தூங்கும்போது வந்து நிற்பார்கள். நண்பனை வீடியோ காலில் வைத்துக்கொண்டு பெடல் போடுகிறவர்கள் நேரம் போவதே தெரியவில்லை என்கிறார்கள். ஆடவைக்கும் வீடியோ கேமும் பயிற்சிதான், கன்ட்ரோலரைத் துடைத்துக்கொள்.

கேள்வி: வாயெல்லாம் புண், வாந்தி. ஜீரோ நாள் முடிந்து ஒரு வாரமாகிறது. மகன் கண்ணையே திறப்பதில்லை. இப்போதுமா பயிற்சி?

இப்போது தேவை குறைந்தபட்சம் மட்டும். அதையும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். வாந்தி மருந்தும் வலி மருந்தும் கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நல்ல இடைவெளி வரும். அதைச் செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் எழுப்பிச் சண்டை போடுவதில் பயனில்லை.

அந்த இடைவெளியில் 5 நிமிடம். படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் 15 முறை. முழங்காலை மடக்கி நீட்ட ஒவ்வொரு காலும் 8 முறை. கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்தி 2 நிமிடம் வையுங்கள். பிறகு கால்களைத் தொங்கவிட்டுக் கட்டில் ஓரத்தில் 2 நிமிடம் உட்காரட்டும். முகம் வெளுக்கவில்லை, தலை சுற்றவில்லை என்றால் எழுந்து நிற்கட்டும், இரண்டடி வைத்து நாற்காலியில் உட்காரட்டும். இதில் எந்தப் படியிலும் நின்றுவிடலாம். ஒரு நாளில் மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டால் அந்த நாள் வீணாகவில்லை.

மார்ஃபின் சொட்டு ஓடும்போது மயக்கம் இருக்கும், கால் தடுமாறும். சிறுநீர் இறக்கும் மருந்து கொடுத்த பிறகும் ரத்த அழுத்தம் இறங்கும். இந்த இரண்டு வேளையிலும் தனியாக எழவிடாதீர்கள்.

மூச்சுப் பயிற்சியை மட்டும் தவறவிடாதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை, மூக்கால் மெதுவாக இழுத்து, 2-3 விநாடி வைத்து, வாயால் விடுவது, 5 முறை. வாய்ப்புண்ணில் ஸ்பைரோமீட்டர் (மூச்சுப் பயிற்சிக் கருவி) குழாயைக் கவ்வ முடியாது, கட்டாயப்படுத்த வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்தாலே நுரையீரல் பாதி வேலையைச் செய்துவிடும். முதுகைத் தட்டிச் சளி எடுக்கும் பழைய முறையைப் பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது நீங்களாகச் செய்யாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 2 வயது. பிசியோவைக் கண்டாலே அலறுகிறாள்.

அவளைப் பொறுத்தவரை அறைக்குள் வரும் எவரும் ஊசியோடுதான் வருகிறார்கள். பிசியோ முதல் இரண்டு நாள் கையில் எதுவும் இல்லாமல் வந்து, அவளைத் தொடாமல், தரையில் உட்கார்ந்து விளையாடிவிட்டுப் போகச் சொல்லுங்கள். பயிற்சியை உங்கள் மடியிலிருந்தே தொடங்கலாம்.

இந்த வயதில் 'பத்து முறை செய்' என்பது எடுபடாது. பொருளை வைக்கும் உயரம்தான் பயிற்சி. துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பொம்மைகளைத் தரையில் பரப்பி, கூடையை உங்கள் இடுப்பு உயரத்தில் பிடித்தால் குந்தி எழும் பயிற்சி. ஸ்டிக்கரைச் சுவரில் அவள் கைக்கு எட்டாத இரண்டு விரல் உயரத்தில் ஒட்டினால் நுனிக்காலில் எம்புவாள். தலையணை மேல் நடந்தால் சமநிலை. ஒன்று 3 நிமிடம் தாங்கும், பிறகு மாற்றுங்கள். ஒரு நாளில் ஐந்தாறு தடவை இப்படி விளையாடுவது, இருபது நிமிடம் பிடித்து உட்காரவைப்பதைவிட மேல்.

குழாயின் நீளத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். அது எட்டும் வட்டத்துக்குள்தான் பொம்மைகள். பம்ப் ஸ்டாண்டின் பிரேக்கைப் போட்டு, லைனைச் சுருட்டி உள்சட்டைப் பையில் வைத்து, குழாய் அவளுக்கு முன்னால் அல்லாமல் முதுகுப்பக்கமாகப் போகட்டும். கால் தடுக்கி விழுவதும் லைன் இழுபடுவதும் பெரும்பாலும் குழாய் முன்னால் கிடக்கும்போது நடப்பவை. தரையில் கழுவித் துடைக்கக்கூடிய ரெக்சின் பாயும் அதன்மேல் அன்றைய சலவை விரிப்பும் போதும். துணிப் பொம்மையும் உறையில்லாத ஸ்பாஞ்சும் பூஞ்சைக்கு வீடு.

இன்னும் நடக்காத கைக்குழந்தை என்றால் விழித்திருக்கும்போது குப்புறப் போடுவதுதான் பயிற்சி. நெஞ்சில் லைன் அழுந்தும் என்று பலர் இதைக் கைவிட்டுவிடுகிறார்கள். பிறகு கழுத்தும் முதுகும் பின்தங்கிவிடும். உங்கள் நெஞ்சின் மீதே குப்புறப் போட்டு 2-3 நிமிடம், பால் கொடுத்த உடனே அல்லாமல், நாளுக்குச் சில தடவை. லைன் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதா என்று முதலில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் நடக்கும்போது பாதம் 'தப் தப்' என்று தரையில் அடிக்கிறது. இரண்டு தடவை விரல் தடுக்கி விழப் பார்த்தான். மாற்றுச் சிகிச்சைக்கு முன் ரத்தப் புற்றுநோய்க்கு நீண்ட காலம் மருந்து எடுத்தவன்.

பாதத்தை மேலே தூக்கும் தசை பலவீனமாகியிருக்கிறது. பெரும்பாலும் முன்பு கொடுத்த வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து நரம்பைப் பாதித்ததன் மிச்சம் இது. அந்த மருந்து நின்ற பிறகும் சில மாதங்கள் நீடிக்கும். படுக்கை அதை மோசமாக்குகிறது. மல்லாந்து படுத்தால் பாதம் தானாகக் கீழே சாயும். போர்வையை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகியிருந்தால் அதுவும் சேர்ந்து அழுத்தும். சில வாரத்தில் குதிகால் தசைநாண் குறுகிவிடும், அப்புறம் தசை தெம்பு பெற்றாலும் குதிகால் தரையில் படியாது.

சோதிக்கச் சுலபமான வழி: குதிகாலில் மட்டும் நின்று, முன்பாதத்தைத் தூக்கி ஐந்தடி நடக்கச் சொல்லுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு. முடியாவிட்டால் இன்றே பிசியோவிடம் சொல்லுங்கள். உடன் இருப்பவர்கள் செய்ய வேண்டியது நீட்டிவிடுதல். முழங்காலை நேராக வைத்து, உங்கள் உள்ளங்கையில் அவன் குதிகாலைப் பிடித்து, முன்கையால் பாதத்தை மெதுவாக முழங்கால் பக்கம் தள்ளி 30 விநாடி வையுங்கள், 3 முறை. அடுத்து முழங்காலை லேசாக மடக்கி அதே போல 3 முறை. கெண்டைக்காலில் இரண்டு தசைகள் உண்டு. நேராக வைக்கும்போது ஒன்று, மடக்கும்போது மற்றொன்று நீளும், இரண்டும் தேவை. காலையும் மாலையும் செய்யுங்கள். இழுப்பு தெரியலாம், வலி தெரியக் கூடாது. துள்ளித் துள்ளித் தள்ளினால் தசைக்குள் ரத்தம் கட்டும்.

விரல் நுனியை மட்டும் பிடித்துத் தள்ளுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்போது பாதத்தின் நடுப்பகுதி வளையும், கணுக்கால் அப்படியே இருக்கும்.

இரவில் போடும் ஸ்பிளின்ட் (பாதத்தை நேராகப் பிடித்து வைக்கும் அச்சு) கொடுத்தால், முதல் நாள் 20 நிமிடம் போட்டுக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் ஸ்பிளின்டைத் திருத்த வேண்டும். கீமோவுக்குப் பிந்தைய தோல் சுலபத்தில் கிழியும். உணர்ச்சி குறைந்த பாதம் என்றால் வலிக்கிறது என்று அவன் சொல்லவும் மாட்டான்.

சின்னக் கேள்விகள்

*பயிற்சி செய்தால் புதுச் செல் சீக்கிரம் பிடிக்குமா?* அப்படி நிரூபணம் இல்லை. யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். பயன் தசை பலத்திலும் நடையிலும் களைப்பிலும்தான்.

*வியர்த்தால் ஆபத்தா?* பொதுவாக இல்லை. துடைத்து உடை மாற்றினால் போதும். விதிவிலக்கு தையோடெப்பா என்ற கீமோ மருந்து. அந்த மருந்து வியர்வை வழியாகத் தோலுக்கு வந்து கருக்கும், அதனால்தான் அந்த நாட்களில் அடிக்கடி குளிக்கவைக்கிறார்கள். மருந்து ஏறும் நாளும் அதையடுத்த ஓரிரு நாளும் வியர்க்காத அசைவுகள் மட்டும். தோல் மடிப்புகளிலும் டேப்புக்கு அடியிலும் பாருங்கள்.

*பலூன் ஊதலாமா?* பிளேட்லெட் குறைவாக இருந்தால் வேண்டாம், முக்க வேண்டியிருக்கும். சோப்புக் குமிழி மேல். கரைசலும் வளையமும் அவனுக்கென்று தனியாக, புதிதாக இருக்கட்டும்.

*ரத்தம் ஏறும்போது?* முதல் 15 நிமிடம் ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் நேரம், அசையாமல் இருக்கட்டும். பிறகும் நாற்காலியில் உட்காரலாமே தவிரப் பயிற்சி வேண்டாம். படபடப்பு ரத்தத்தாலா, பயிற்சியாலா என்று பிரித்தறிய முடியாமல் போகும். செல் ஏற்றும் நாளுக்கும் இதுவே.

*பெடல், பேண்டை வீட்டிலிருந்து கொண்டுபோகலாமா?* அனுமதி கேளுங்கள். பேண்டு ஒரு பிள்ளைக்கு ஒன்று, வேறு யாரும் தொடக் கூடாது. பெடலை ஒவ்வொரு முறையும் வார்டின் கிருமிநாசினித் துணியால் கைப்பிடி, பட்டை, அடிப்பாகம் எல்லாம் துடைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பிள்ளைக்குப் புற்றுநோய் இல்லை, தலசீமியா. இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். இரண்டு வேறுபாடுகள். மண்ணீரல் வீங்கியிருந்தால் வயிற்றில் அழுத்தம் விழும் எதுவும், குப்புறப் படுத்துச் செய்வது உட்பட, வேண்டாம். பல ஆண்டு ரத்தம் ஏற்றியதில் இரும்பு இதயத்தில் படிந்திருக்கலாம். எக்கோ (இதய ஸ்கேன்) முடிவைப் பிசியோ பார்த்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். அரிவாள் செல் நோயுள்ள பிள்ளை என்றால் தண்ணீர் குறைவதும் குளிரும் வலி நெருக்கடியைத் தூண்டும்: ஏசிக் காற்றுக்கு நேரே வேண்டாம், 5 நிமிடத்துக்கு ஒரு தடவை ஓய்வு, குடிக்க அனுமதித்த அளவில் இடையிடையே தண்ணீர்.

கேள்வி: அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். படிக்கட்டு ஏறுவானா? பள்ளியில் விளையாட, நீந்த எப்போது விடலாம்?

படிக்கட்டைக் கிளம்பும் முன்பே சோதித்துவிடுங்கள். மருத்துவமனையில் 15 செ.மீ. உயரமுள்ள ஒற்றைப் படியில் ஒவ்வொரு காலும் 10 முறை ஏறி இறங்க முடிந்தால் வீட்டுப் படியைச் சமாளிப்பான். ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால் நீங்கள் நில்லுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவதையும் பாருங்கள். தொடையில் கை ஊன்றி, உடம்பையே ஏறிக்கொண்டு எழுந்தால் தொடைத் தசை பலவீனம். ஸ்டெராய்டு எடுக்கும் பிள்ளைகளிடம் இது சகஜம். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தினமும் இரு வேளை தொடருங்கள், உயரமான நாற்காலியில் தொடங்கி வாரத்துக்கு வாரம் தாழ்வானதற்கு வாருங்கள்.

முதல் வாரம் 5 நிமிட நடை, நாளுக்கு மூன்று. அதன்பின் வாரந்தோறும் ஒவ்வொரு நடைக்கும் 2-3 நிமிடம் கூட்டலாம். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்கு 60 நிமிடம் இயங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது அளவு. அதை எட்ட மாதங்கள் ஆகலாம், அவசரமில்லை. வெயில் தோலில் பட்டால் ஒட்டுச்செல் எதிர்வினை (தானமாக வந்த செல்கள் பிள்ளையின் உடம்பையே தாக்குவது) கிளம்பக்கூடும், ஆகவே காலை, மாலை நடை, முழுக்கைச் சட்டை, தொப்பி. தோட்ட மண், கட்டட வேலை நடக்கும் இடம் இரண்டும் பூஞ்சைக்காக ஒதுக்க வேண்டியவை.

நெஞ்சில் லைன் இருக்கும் வரை நீச்சல் இல்லை. எடுத்த பிறகும் புண் ஆறி, எதிர்ப்புச் சக்தி திரும்பிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பின்தான். மோதி விளையாடும் ஆட்டங்களுக்குப் பிளேட்லெட்டும் லைனும் இரண்டும் அனுமதிக்க வேண்டும். அதுவரை உடற்கல்வி ஆசிரியர் அவனை ஓரத்தில் உட்காரவைக்கும் தண்டனையைத் தராதபடி, என்னென்ன செய்யலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் எழுதினால் பள்ளி எல்லாவற்றையும் தடை செய்துவிடும்.

ஸ்டெராய்டு தொடர்கிற பிள்ளை, இடுப்பிலோ தொடை இடுக்கிலோ முழங்காலிலோ வலி என்று சொல்லி நொண்டினால், அதைப் பயிற்சி வலி என்று தள்ளிவிடாதீர்கள். எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் அது நசியும் நிலை ஸ்டெராய்டால் வரும். தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும். முடிவு வரும் வரை குதிப்பதையும் ஓடுவதையும் நிறுத்துங்கள். எடை தாங்காத பெடலை வலி இல்லாத அளவுக்குத் தொடரலாமா என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.